பெருந்தச்சன்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

ஊர்களுக்கு வரலாறு உண்டு; ஊரை ஆண்ட மன்னர்களுக்கும் வரலாறு உண்டு. அவ்வாறே, நாம் நாள்தோறும் வாயாற் சொல்லியும் செவியாற் கேட்டும் வரும் சொற்களுக்கும் வரலாறு உண்டு. மன்னர் வரலாற்றைக் கல்வெட்டு உரைக்கும். சொல்லின் வரலாற்றையோ சொல்லே தன் வயிற்றில் அடக்கி வைத்திருக்கும். தட்டிக் கேட்பார்க்கு அது வாய் திறந்து பேசும். அத்தகைய சொல் ஒன்றை இவ்வாண்டு மலரில் தட்டிப் பார்க்க விழைகின்றோம்.

இவ்வெண்ணம் நமக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. நம் காலனியில் வாழும் அன்பர் ஒருவர் தம் மகளைக் கட்டடக் கலை பயிலும் கல்லூரி ஒன்றில் சேர்த்தார். மகள் ‘ஆர்க்கிடெக்ட்’ ஆகப் போகின்றாள் என்று காலனி முழுதும் இனிப்பு வழங்கினார். இரண்டு திங்கள் கழித்து ஒரு நாள் மாலை, வாடிய முகத்தோடு நம் இல்லத்துக்கு வந்தார். “வரைபடம் எழுதும் படிப்பு என்று நம்பிச் சேர்த்தேன். அங்கே என் பெண்ணின் கையில் வாளையும் உளியையும் கொடுத்து மரம் அறுக்கச் சொல்கின்றார்கள். தச்சு வேலை கற்கவா கல்லூரிக்கு அனுப்பினோம்?” என்று வருந்தினார். அவர் கூற்று முறையே என்று நாமும் தலையசைத்தோம். தேநீர் கொடுத்து ஆறுதல் சொல்லி அனுப்பினோம்.

அன்றிரவு அகராதியைப் புரட்டியபோதுதான் நம் தலையசைப்பு எத்துணைத் தவறானது என்பது விளங்கிற்று. ‘ஆர்க்கிடெக்ட்’ என்னும் சொல்லுக்கு முதற்பொருள் என்ன? தலைமைத் தச்சன் என்பதே. அன்பர் எதனை இழிவென்று எண்ணி வருந்தினாரோ, அதுவே அச்சொல்லின் ஆணிவேர்!

சொல் பிறந்த பட்டறை

கிரேக்க மொழியில் ‘அர்க்கி’ என்பது தலைமையைக் குறிக்கும் முன்னொட்டு. ‘தெக்தோன்’ என்பது தச்சனைக் குறிக்கும் பெயர். இரண்டும் கூடி ‘அர்க்கிதெக்தோன்’ ஆயிற்று. அதனை இலத்தீன் மொழியினர் ‘ஆர்க்கிதெக்தஸ்’ என்றனர். அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலம் புகுந்து ‘ஆர்க்கிடெக்ட்’ என நின்றது. வீடு கட்டுவோர் உத்தரம் என்று சொல்லும் உறுப்பிற்கு ஆங்கிலத்தில் ‘ஆர்க்கிட்ரேவ்’ என்று ஒரு பெயர் உண்டு. அதன் பொருளும் தலைமை விட்டம் என்பதே.

தெக்தோன் என்பவன் பழங்கிரேக்க நாட்டில் எத்தகைய மதிப்புடன் வாழ்ந்தான் என்பதை ஓமரின் காவியம் காட்டும். வேற்றூரிலிருந்து வருவோருள் யாவரை விரும்பி அழைத்து வரவேற்பர் என்று ‘ஒடிசி’ காவியத்தின் பதினேழாம் பகுதி ஒரு பட்டியல் தருகின்றது. வருவது உரைப்பவன், பிணி தீர்க்கும் மருத்துவன், மரவேலை வல்ல தச்சன், இசை பாடும் புலவன் ஆகிய நால்வரும் அதில் ஒரே வரிசையில் நிற்கின்றனர். மருத்துவனுக்கும் புலவனுக்கும் நடுவே தச்சன் அமர்ந்திருக்கும் காட்சி நம் கருத்துக்கு உரியது.

பின்னர் வந்த எரோதோத்தசு என்னும் வரலாற்றாசிரியர், சாமோசுத் தீவில் மலையைக் குடைந்து நீர் கொணர்ந்த யூப்பலினோசு என்பவரை ‘அர்க்கிதெக்தோன்’ என்றே குறிக்கின்றார். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள அச்சுரங்கம் கி.மு. ஆறாம் நூற்றாண்டினது. அப்பணியில் மரத்துக்கு என்ன வேலை? சொல் தன் பட்டறையை விட்டு வெளியேறி, பெரும்பணி எதனையும் தலைமை தாங்கி முடிப்பவனைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. கி.மு. முதல் நூற்றாண்டில் உரோம நாட்டு விட்ருவியசு கட்டடக் கலையைப் பற்றிப் பத்துப் பகுதிகளாக நூல் எழுதிய காலத்தில் அச்சொல் நன்கு நிலைபெற்றிருந்தது.

ஆங்கில நாட்டுக்கு அது வந்து சேர்ந்ததோ மிகப் பிந்தி. அந்நாட்டின் பெருந்தேவாலயங்களை எழுப்பியவர்கள் தலைமைக் கொத்தர் எனப்பட்டனர். 1563-ஆம் ஆண்டு ஜான் சூட் என்பவர் வெளியிட்ட நூலின் முகப்பில், தம்மை ஓவியர் என்றும் ‘ஆர்க்கிடெக்ட்’ என்றும் அறிமுகம் செய்துகொண்டார். ஆங்கிலேயருள் அப்பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்ட முதல்வர் அவரே எனக் கருதப்படுகின்றார்.

தச்சனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கார்பென்டர்’ என்னும் சொல்லின் கதையும் சுவையானது. ‘கார்பென்டம்’ என்பது இலத்தீன் மொழியில் இருசக்கர வண்டியின் பெயர். அதனைச் செய்தவனே முதலில் கார்பென்டர். எனவே அச்சொல்லைத் தேர்த்தச்சன் என்று தமிழாக்கினால் பிழையாகாது. அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையாரும், ஒரு நாளில் எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன், ஒரு திங்கள் முழுதும் எண்ணி எண்ணிச் செய்த ஒரே தேர்க்காலுக்கு அவனை ஒப்பிடுகின்றார். புறநானூற்றின் 87-ஆம் பாட்டில் இவ்வுவமை உள்ளது. வீரத்தின் செறிவைச் சொல்ல வந்த புலவருக்குத் தச்சனின் பொறுமையைவிடச் சிறந்த அளவுகோல் கிடைக்கவில்லை!

தெக்தோனும் தச்சனும்

தெக்தோன், தச்சன் என்னும் இரு சொற்களையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். காதுக்கு உறவு தெரிகின்றதன்றோ? கிரேக்கத்தின் ‘தெக்தோன்’ என்பதும் வடமொழியின் ‘தக்ஷன்’ என்பதும் ஒரு வேரில் கிளைத்தவை என்பது மொழிநூலார் முடிபு. செதுக்குதல், பொருத்திச் செய்தல் என்பன அவ்வேரின் பொருள். நெய்தலைக் குறிக்கும் இலத்தீன் வினைச்சொல்லும் அவ்வேரினதே. அதன் வழியாகவே ‘டெக்ஸ்டைல்’ என்னும் சொல்லும், பாடத்தைக் குறிக்கும் ‘டெக்ஸ்ட்’ என்னும் சொல்லும் தோன்றின. ‘டெக்னாலஜி’ என்று இன்று எல்லாரும் போற்றும் சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே என்பர்.

நம் தச்சன் எவ்வழி வந்தவன்? வடசொல்லாகிய ‘தக்ஷன்’ என்பதே தமிழில் தச்சன் ஆயிற்று என்பது ஒரு சாரார் கொள்கை. தைத்தல் என்னும் தமிழ் வினையிலிருந்து தோன்றியது என்று உரைக்கும் அறிஞரும் உளர். துணியோடு துணியைத் தைப்பது போல மரத்தோடு மரத்தைத் தைப்பவன் தச்சன் என்பது அவர்தம் விளக்கம். இவ்வழக்கை இம்மலரில் தீர்க்க நாம் முற்படவில்லை. எவ்வழி வந்திருப்பினும், சங்கச் சான்றோர் காலத்திலேயே அச்சொல் தமிழ் மண்ணில் வேரூன்றிவிட்டது என்பதில் ஐயமில்லை.

தமிழர் நாட்டுத் தேக்கு, கடல் கடந்து சென்ற கதையையும் இங்கே நினைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் தேக்கு என்னும் பெயரைப் போர்த்துக்கீசியர் ‘தேக்கா’ என்றனர். ஆங்கிலேயர் ‘டீக்’ என்றனர். அம்மரத்துக்கு இளைய லின்னேயசு 1782-ஆம் ஆண்டில் ‘டெக்டோனா’ என்று பெயரிட்டார். அப்பெயர் தேக்கையும் நினைவூட்டும். தெக்தோன் என்னும் தச்சனையும் நினைவூட்டும்.

மரத்திலிருந்து கல்லுக்கு

கல்லாற் கட்டிய கோயிலை எழுப்பியவனுக்குத் தச்சன் என்னும் பெயர் எங்ஙனம் பொருந்தும் என்ற ஐயம் எழலாம். கல் வருமுன் மரம் இருந்தது என்பதே விடை.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன், மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து ஒரு கோயில் செய்வித்தான். செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுண்ணம் இன்றி இதனை ஆக்கினேன் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டில் பெருமிதம் கொள்கின்றான். அப்பெருமிதத்திலிருந்து நாம் அறிவது யாது? அவனுக்கு முன்பு கோயில்கள் இப்பொருள்களாலேயே கட்டப்பட்டன என்பது. மாமல்லபுரத்துக்குச் சென்றோர் திரௌபதி இரதத்தைக் கண்டிருப்பர். அது கூரை வேய்ந்த சிறு குடிலின் வடிவம். பீமன் இரதத்தின் வளைந்த முகடு, மரச்சட்டங்களை வளைத்துக் கட்டிய கூரையின் வடிவம். சிற்பி கல்லைச் செதுக்கினான். ஆயினும் அவன் உளி தச்சனின் நினைவைப் பின்பற்றியது.

கிரேக்க நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. பளிங்குக் கோயில்களின் நெற்றியில் வரிசையாகக் காணும் அணிகள், பழைய மரக்கட்டடங்களில் விட்டங்களின் முனைகள் நின்ற இடங்களைக் காட்டுவன என்று விட்ருவியசு எழுதினார். ஆகவே இரு நாட்டிலும் மரத்தில் முதிர்ந்த கலையே கல்லில் வாழ்ந்தது. கல் வேலை செய்வோனைத் தமிழர் கல்தச்சன் என்று அழைத்தது இதனாலன்றோ?

தஞ்சைக் கல்வெட்டில் ஒரு பெயர்

இனி, தஞ்சைக்குச் செல்வோம். 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய இராசராசேச்சரத்தின் விமானம் ஏறத்தாழ 200 அடி உயர்ந்து நிற்பது. அக்கோயிலுக்குத் தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கையார் கொடுத்தவற்றையும், தேவியர் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டுக என்று இராசராசன் ஆணையிட்டான். அதனால் ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒரு பெருங்கணக்கே அச்சுவர்களில் நமக்குக் கிடைத்துள்ளது.

அக்கல்வெட்டுகளில், கோயிற் பணியாளர்க்கு வாழ்வூதியமாகப் பங்கு வகுத்த நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. ஆடல் மகளிர், நட்டுவர், இசைவாணர், கணக்கர், குயவர், வண்ணார், தையற்காரர் எனப் பலரும் அதில் இடம்பெறுகின்றனர். அவ்வரிசையில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயரைக் காண்கின்றோம். அவரோடு நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்னும் பட்டம் பெற்ற இருவரும் உளர். விண்ணளாவும் விமானத்தை வகுத்தவர் இக்குஞ்சரமல்லனே என்பது ஆய்வாளர் பலர் கொள்கை.

பெருந்தச்சன் என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பெருமை, தச்சன். அர்க்கி, தெக்தோன். ஏதென்சு நகரத்தாரும் தஞ்சை நகரத்தாரும் ஒருவரோடு ஒருவர் கலந்து பேசி இச்சொல்லை ஆக்கவில்லை. தச்சருள் பெரியவனே கட்டடத்தின் தலைவன் என்னும் உண்மையை இரு சமுதாயமும் தம் தம் பட்டறையில் கண்டன. ஒரே அச்சில் வார்த்தது போல இரு சொற்கள் பிறந்தன. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வேண்டிய நம் காலத்தார் ‘கட்டடக் கலைஞர்’ என்று புதுவதாக ஆக்கிக்கொண்டனர். நல்ல சொல்லே, குறையொன்றுமில்லை. ஆயினும், சொல்லுக்குச் சொல் ஒத்த ஓர் ஈடு ஆயிரம் ஆண்டாகத் தஞ்சையில் காத்துக் கிடக்கின்றது என்பதை நாம் மறந்தோம்.

இன்னொன்றையும் கருதுக. மன்னன் தன் பட்டப்பெயரையே தச்சனுக்குச் சூட்டினான். அத்தச்சனோ குயவரும் வண்ணாரும் நின்ற அதே பட்டியலில் நின்றான். பெருமை தனியே, உழைப்பு தனியே என்று பிரித்து எழுதும் வழக்கம் அக்கல்வெட்டில் இல்லை.

நூல் பிடித்தவர்

தச்சனின் கருவிகளுள் வாய்ச்சி உண்டு, இழைப்புளி உண்டு, கொட்டாப்புளி உண்டு, முழக்கோல் உண்டு. இவற்றுள் மிக எளியது நூல். ஆனால் அதுவே தமிழுக்குப் பெருங்கொடை தந்தது.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், பாண்டியன் அரண்மனைக்கு மனை வகுத்த முறையை நக்கீரர் கூறுகின்றார். இரு கோல் நட்டு, அவற்றின் நிழலால் ஞாயிற்றின் நிலையறிந்து, திசை பிழையாமல் நுட்பமாகக் கயிறு பிடித்து அளந்தனர் என்பது அவர் தரும் செய்தி. அவ்வாறு அளந்தவர்களை நூல் அறிந்த புலவர் என்கின்றார். அளக்கும் நூலும் கற்கும் நூலும் அங்கே ஒன்றாய் நிற்கின்றன.

நன்னூலின் பாயிரம் இதனை மேலும் தெளிவாக்குகின்றது. மரத்திலுள்ள கோணலைத் தச்சனின் நூல் நேராக்குவது போல, மாந்தர் மனத்தின் கோணலை நேராக்குவது கற்கும் நூல் என்பது பவணந்தியார் விளக்கம். நம் பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துச் செல்லும் ஒவ்வொரு நூலும் இவ்வாறு தச்சுப் பட்டறையில் பெயர் பெற்றதாக ஓர் இலக்கண ஆசிரியரே நமக்கு உரைக்கின்றார். மரவேலை ஆங்கிலத்துக்குத் தந்தது ஒரு பதவியின் பெயரை. தமிழுக்குத் தந்ததோ கல்வியின் பெயரையே!

வடநாட்டிலும் நூலின் பெருமை குறைந்ததன்று. தலைமைக் கைவினைஞரை வடநாட்டுக் கல்வெட்டுகள் சூத்திரதாரர் என்று குறிக்கும். நூல் பிடிப்பவர் என்பது அதன் பொருள். இராசத்தானத்துத் தச்சரை இன்றும் ‘சுதார்’ என்று அழைப்பது அச்சொல்லின் சிதைவே.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. விடுமுறை நாளில் உறவினர் வந்தால் நாம் அழைத்துச் செல்லும் குதுப்மினாரே சான்று. 1368-ஆம் ஆண்டளவில் இடி விழுந்து அதன் மேல்நிலை சிதைந்தது. அந்நாளில் தில்லியை ஆண்ட பிரோசு சா துக்ளக்கு அதனைப் பழுது பார்த்தார். அப்பணியைக் குறிக்கும் நாகரி எழுத்துக் கல்வெட்டு, விசுவகர்மாவின் அருளால் பணி நிறைவேறியது என்று நன்றி கூறுகின்றது. நானா, சால்ஹா என்னும் கைவினைஞர் பெயரையும் தாங்கி நிற்கின்றது. ஆண்டவர் சுல்தான், எழுதிய எழுத்தோ நாகரி, வணங்கிய தெய்வமோ தச்சரின் தெய்வம். மினாரின் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் நாம், இப்பெயர்களை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியதுண்டா?

கையும் கோலும் பிரிந்த கதை

தச்சருள் தலைவனாகிய ஒருவன், தச்சனே அல்லன் என்று ஆனது எப்போது? அப்பிரிவின் விதை பழங்கிரேக்க நாட்டிலேயே விழுந்துவிட்டது. ‘அர்க்கிதெக்தோன்’ தன் கையால் வேலை செய்பவன் அல்லன். வேலை செய்வோரை ஆள்பவன். அவன் தருவது அறிவே, கைவேலையன்று என்று பிளேட்டோ தம் உரையாடல் ஒன்றில் கூறினார்.

பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு ஆல்பெர்ட்டி கட்டடக் கலையைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதினார். 1485-ஆம் ஆண்டில் அது அச்சேறியது. நாம் பேசுவது தச்சனைப் பற்றியன்று. தச்சன் என்பான் ‘ஆர்க்கிடெக்ட்’ கையிலுள்ள ஒரு கருவியே என்னும் கருத்தை அதன் முன்னுரையிலேயே நிறுவினார். பெயரிலேயே தச்சனைத் தாங்கிய ஒருவரைத் தச்சனிடமிருந்து பிரித்து வைத்த அவ்வரிகளைப் படிக்கும்போது, பெற்ற தாயைத் தெரியாது என்ற பிள்ளையின் கதையே நினைவுக்கு வருகின்றது.

ஆல்பெர்ட்டி கூறியதில் உண்மையே இல்லை என்பது நம் கருத்தன்று. கட்டடங்கள் பெருகின, கணக்கும் பொறியியலும் வளர்ந்தன, ஒருவரே யாவும் செய்தல் இயலாதாயிற்று. வேலையைப் பகிர்ந்தது தேவை. ஆனால் பகிர்ந்தபோது மதிப்பையும் ஒரு பக்கமே ஒதுக்கினோமே, அதுதான் பிழை.

நாம் வாழும் புதுதில்லி அப்பிரிவின் பின்னர் எழுந்த நகரம். 1911-ஆம் ஆண்டு திசம்பர் 12-ஆம் நாள் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. 1931-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் புதுநகர் திறந்து வைக்கப்பெற்றது. இலட்டியன்சு, பேக்கர் என்னும் இரு ‘ஆர்க்கிடெக்ட்’ பெயர்களைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். நகரின் ஒரு பகுதிக்கே இலட்டியன்சின் பெயர் வழங்குகின்றது. இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக விளங்கும் கட்டடத்தின் 340 அறைகளுக்கும் கதவு பொருத்திய தச்சருள் ஒருவர் பெயரேனும் நமக்குத் தெரியுமா?

பின்னர்ச் சட்டமும் வந்தது. இங்கிலாந்தில் 1931, 1938 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் ‘ஆர்க்கிடெக்ட்’ என்னும் பெயருக்கு வேலியிட்டன. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம், உரிய கல்வி பெற்றுப் பதிவு செய்துகொண்டவரன்றிப் பிறர் அப்பெயரைச் சூட்டிக்கொள்ளலாகாது என்று விதித்தது. அச்சட்டம் காப்பது பெயரையே. கட்டடம் வகுக்கும் தொழிலை அவர்கட்கே உரியதாக்கவில்லை என்று உச்சநீதிமன்றம் 2020-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தகுதியற்றோரிடமிருந்து மக்களைக் காக்கும் வேலி இது, தேவையானதே. ஆயினும் வரலாற்றின் விளையாட்டைப் பாருங்கள்! தச்சனிடமிருந்து பிறந்த பெயரைத் தச்சன் தன் கடைப் பலகையில் எழுதினால் குற்றமாம்.

பிரியாமல் நின்ற ஓடை ஒன்றும் உண்டு. மாமல்லபுரத்தில் 1957-ஆம் ஆண்டு அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே தலைமை ஏற்றிருந்த கணபதி ஸ்தபதி, கோலும் உளியும் ஒரே கையில் பிடிக்கும் மரபினர். குமரிமுனையில் 133 அடி உயர்ந்து நிற்கும் வள்ளுவர் சிலை அவர் வகுத்தது. 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அது திறந்து வைக்கப்பெற்றது. இத்தில்லியிலும், 1973-ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திர், தென்னாட்டுக் கல்வேலை மரபு வடக்கே வந்து நின்றதன் அடையாளம்.

நாம் செய்யத்தக்கது

நம்மிற் பலர் பேனாவைக் கையிற்கொண்டு இந்நகருக்கு வந்த குடும்பத்தினர். அரசு அலுவலகங்களில் குறிப்பெழுதியும், கணக்குப் பார்த்தும், தட்டச்சுப் பொறியைத் தட்டியும் வாழ்ந்தவர்களின் மக்கள். கைவேலையைக் கண்டால் ஒரு படி விலகி நிற்கும் வழக்கம் நம் வீடுகளில் மெல்லப் புகுந்துவிட்டது. நம் பாட்டனார் ஊரில் வாசக்கால் நிறுத்தும் நாளன்று தச்சருக்கு வேட்டியும் தாம்பூலமும் வைத்து வணங்கிய பின்னரே நிலையைத் தொடுவர். இங்கோ, கீர்த்தி நகரிலிருந்து அலமாரி பொருத்த வரும் தச்சரின் பெயரையும் நாம் கேட்பதில்லை. ‘மிஸ்திரி’ என்று அழைத்து வேலையை முடித்துக்கொள்கின்றோம். அவரும் நம்மைப் போலவே பிழைப்பு நாடி எங்கோ ஓர் ஊரிலிருந்து வந்தவர் என்பது நம் நினைவில் வருவதில்லை.

அதியமானின் வாயிலில் பரிசில் தாமதமானபோது ஔவையார் வாயில் காப்போனை நோக்கிக் கூறியது புறநானூற்றின் 206-ஆம் பாட்டு. கோடரியோடு காட்டுக்குள் செல்லும் தச்சனின் கைவல்ல மக்களுக்கு மரம் கிடையாமற் போகுமோ? அவ்வாறே கலை கற்ற எமக்கும் எத்திசைச் செல்லினும் உணவு உண்டு என்பது அதன் கருத்து. ஊர்விட்டு ஊர் வந்த நம்மைப் போன்றவர்க்கு இதனினும் உறுதி தரும் வாக்கு உண்டோ? தம் தகுதியைச் சொல்ல வந்த புலவர் தச்சனின் மக்களையே தமக்கு உவமையாக்கினார். அதனால் தம் பெருமை குறையும் என்று கருதினாரில்லை.

சென்ற திங்கள் அன்பர் இல்லத்துக்கு நாம் சென்றிருந்தோம். கூடத்தில் புதிய முக்காலி ஒன்று இருந்தது. மகள் கல்லூரிப் பட்டறையில் தன் கையாற் செய்தது. ஒரு கால் சற்றே குட்டை; அமர்ந்தால் ஒரு பக்கம் சாயும். ஆயினும் வீட்டின் மூத்த பாட்டியார் வேறு இருக்கையை நாடாமல் அதன்மேலேயே அமர்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அகராதியில் கண்டதை அன்பரிடம் உரைத்தோம். முன்பு தலையசைத்த பிழைக்கு வருத்தமும் தெரிவித்தோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு மகளை அழைத்து, “குட்டைக் காலை எப்படிச் சரி செய்வாய்?” என்று வினவினார். “அதைத் தொட மாட்டேன், அப்பா, மற்ற இரண்டையும் அதன் அளவுக்கு இழைப்பேன்” என்றாள் அவள். தந்தை முகத்தில் அன்று தோன்றிய மலர்ச்சி, இனிப்பு வழங்கிய நாளிலும் நாம் கண்டதன்று.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இம்மலரின் இறுதியில் நன்றியுரைப் பக்கம் ஒன்று உண்டு. பொருள் உதவியோர், விளம்பரம் தந்தோர், தலைமை தாங்கியோர் ஆகிய அனைவர் பெயரும் ஆண்டுதோறும் அதில் அச்சாகின்றன. ஆண்டு விழா மேடையைப் பலகை பலகையாகப் பொருத்தித் தந்த தச்சர் பெயர் அதில் இதுகாறும் ஏறியதில்லை. இராசராசன் தன் கோயிற் சுவரில் இடம் தந்தான். குதுப்மினாரும் இடம் தந்தது. நம் மலரில் ஒரு வரிக்கு இடமில்லையா? வரும் ஆண்டு மேடை எழும்போது, சங்கச் செயலர் அவரிடம் சென்று பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வாராக. அப்பெயர் அச்சேறிய மலரை அவர் கையில் முதற்படியாகக் கொடுப்போம்.